சட்டையில் தண்ணீர் பட்டால் ஏன் கருக்கிறது?

வெளிர்நீலச் சட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிக்கிறது. அந்த இடம் மட்டும் உடனே அடர்ந்து கருநீலமாகிவிடுகிறது. காய்ந்ததும் பழையபடி வெளிர்நீலம். தினமும் பார்ப்பதுதான் என்றாலும் யோசித்தால் கொஞ்சம் விசித்திரம். தண்ணீருக்கு நிறம் இல்லை. சட்டையில் இருக்கும் சாயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியிருக்க அந்தக் கருமை எங்கிருந்து வந்தது, காய்ந்ததும் எங்கே போனது?

பள்ளியில் எல்லோரும் ஒரு வரி படித்திருப்போம்: சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, மற்ற நிறங்களை உறிஞ்சிக்கொள்கிறது. தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஈரச் சட்டையை விளக்க முடியாது. கண்ணாடியைப் பொடித்தால் ஏன் வெள்ளையாகிறது, வானம் ஏன் நீலம், மயிலிறகை இடித்தால் அதன் நீலமும் பச்சையும் எங்கே போகின்றன என்று கேட்டாலும் அந்த வரி கைவிரித்துவிடும். அதனால் ஒளியிலிருந்தே தொடங்கி, மெல்ல ஈரச் சட்டைக்கு வருவோம்.

1666 வாக்கில் ஐசக் நியூட்டன் ஓர் இருட்டறைக்குள் சிறு துளை வழியாக வெயில் கீற்றை வரவிட்டு, அதன் குறுக்கே ஒரு கண்ணாடி முப்பட்டகத்தை வைத்தார். எதிர்ச்சுவரில் வண்ணப்பட்டை விழுந்தது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. கண்ணாடி இப்படி நிறம் காட்டும் என்பது முன்பே தெரிந்ததுதான். கலப்பில்லாத வெள்ளை ஒளியைக் கண்ணாடிதான் ஏதோ செய்து நிறமாக்குகிறது என்று நினைத்திருந்தார்கள். நியூட்டனின் கெட்டிக்காரத்தனம் அடுத்த படியில் இருக்கிறது. பட்டையிலிருந்து ஒரே ஒரு நிறத்தைப் பிரித்து இன்னொரு முப்பட்டகத்துக்குள் விட்டார். நிறமேற்றுவது கண்ணாடியின் வேலை என்றால் இரண்டாவது கண்ணாடியும் தன் பங்குக்கு எதையாவது ஏற்றியிருக்க வேண்டுமே? ஒன்றும் ஏற்றவில்லை. உள்ளே போன சிவப்பு சிவப்பாகவே வெளியே வந்தது. அப்படியானால் நிறங்கள் எல்லாம் வெள்ளை வெயிலுக்குள் முன்பே இருந்தவை. கண்ணாடி அவற்றைப் பிரித்து வைத்தது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டையில் ஏழு நிறம் என்று எண்ணியதும் அவர்தான். உண்மையில் அங்கே எல்லைக்கோடு எதுவும் கிடையாது. ஒரு நிறம் அடுத்ததில் கரைந்துகொண்டே போகிறது. இசையின் ஏழு சுரங்களோடு பொருந்த வேண்டும் என்ற ஆசையில் அவர் ஏழாக்கினார். இன்றைக்கும் நாம் அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

நிறத்துக்கு நிறம் மாறுவது அலைநீளம், அதாவது அடுத்தடுத்த இரண்டு அலைமுகடுகளுக்கு நடுவே உள்ள தூரம். அதை நானோமீட்டரில் அளப்பார்கள்; ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். நம் கண்ணுக்குப் படுவது ஏறக்குறைய 380 முதல் 750 நானோமீட்டர் வரை. குறைந்த முனையில் ஊதா, அடுத்து நீலம், 530 பக்கம் பச்சை, 580 பக்கம் மஞ்சள், 620-க்கு மேல் சிவப்பு. இரண்டு முனைக்கு அப்பாலும் ஒளி உண்டு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு வெளியே, ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார், அது ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. மறுபக்கத்துப் புற ஊதா அடுத்த ஆண்டே அகப்பட்டது.

சரி, இந்தக் கலவை ஒளி ஒரு பொருளின்மேல் விழுகிறது. என்ன நடக்கும்?

பொருளில் இருக்கும் எலக்ட்ரான்கள் மாடிப்படியில் நிற்பவை போல. ஒரு படியில் நிற்கலாம், அடுத்த படிக்கு ஏறலாம். நடுவில் தொங்க முடியாது. ஏறுவதற்கு ஆற்றல் வேண்டும். ஒளி அந்த ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கொண்டுவருகிறது. சிவப்பு ஒளியின் பொட்டலம் சிறியது, நீலத்தினுடையது பெரியது. படியின் உயரத்துக்குச் சரியாகப் பொருந்தும் பொட்டலம் வந்தால் எலக்ட்ரான் அதை வாங்கிக்கொண்டு ஏறிவிடும்; அந்த ஒளி அங்கேயே தீர்ந்தது. வாங்கிய ஆற்றல் பெரும்பாலும் சூடாக மாறிவிடும். கறுப்புத் துணி வெயிலில் சுடுவது இதனால்தான். பொருந்தாத பொட்டலங்களை எலக்ட்ரான் தொடாது. சாதாரணக் கண்ணாடியில் முதல் படியே மிக உயரம். கண்ணுக்குத் தெரியும் ஒளி எதனாலும் அந்த உயரத்துக்குத் தூக்க முடியாது. ஆகவே அத்தனையும் கண்ணாடியைத் தாண்டிப் போய்விடுகிறது.

படியின் உயரம் மாற எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்பதற்கு மாணிக்கம் நல்ல சாட்சி. குருந்தம் என்ற கனிமம் சுத்தமாக இருந்தால் நிறமற்றது. வெறும் அலுமினியமும் ஆக்சிஜனும்தான். அதில் நூற்றில் ஒன்றோ அதற்கும் குறைவாகவோ அலுமினிய அணுக்களின் இடத்தில் குரோமியம் உட்கார்ந்துவிட்டால் செக்கச்செவேல் என்று மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சிறிது கலந்தால் அதே குருந்தம் நீலக்கல். இந்தக் கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயர் தமிழிலிருந்து போன சொல் என்பது இங்கே சும்மா ஒரு துணுக்கு.

இலையின் பச்சையையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக விழுங்குகிறது. மிச்சம் பச்சை. இதை வைத்து, இலைக்குப் பச்சை ஒளி பிடிக்காது, முழுவதையும் துரத்திவிடுகிறது என்று அழகாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. விழும் பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை உறிஞ்சவே செய்கிறது. சிவப்பு, நீலம் அளவுக்கு இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். பச்சைப்பசேல் என்ற தோற்றத்துக்கு அந்த வித்தியாசமே போதும். பொருள்களின் நிறம் பெரும்பாலும் இப்படித்தான்: எல்லா அலைநீளமும் கொஞ்சம் திரும்பும், சில கூடுதலாகத் திரும்பும்.

இதுவரை சொன்னது விழுங்கும் கதை. பாடப்புத்தக வரி சரியாகச் சொல்லாமல் விட்டது மறுபாதியை. விழுங்கப்படாத ஒளி ஏன் திரும்பி வர வேண்டும்? தாண்டிக்கொண்டு நேரே போய்விடலாமே?

ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி நீல மையைக் கரைத்து, கறுப்புத் துணிமேல் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும். குவளைக்குக் கீழே வெள்ளைத் தாளைச் செருகுங்கள். பளிச்சென்று நீலம் வந்துவிடும். மை இரண்டு தடவையும் ஒன்றுதான், அது விழுங்கியதும் ஒரே நிறங்களைத்தான். ஆனால் மிச்ச ஒளியைத் திருப்பி அனுப்புவது மையின் வேலை அல்ல, தாளின் வேலை. கரைந்த சாயத்துக்கு எடுக்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது.

கொடுக்கும் வேலையைத் தாள் எப்படிச் செய்கிறது? தாளில் இருப்பவை நுண்ணிய நார்கள். ஒவ்வொரு நாரும் தனியாகப் பார்த்தால் கண்ணாடி போலத் தெளிவானது. நார்களுக்கு நடுவே காற்று. காற்றிலிருந்து நாருக்குள் நுழையும்போதும், நாரிலிருந்து காற்றுக்கு வரும்போதும் ஒளியில் ஒரு சிறு பங்கு தெறித்துத் திரும்பும், மீதி வளைந்து போகும். கண்ணாடியின் ஒரு பரப்பில் நேராக விழும் ஒளியில் இப்படித் திரும்புவது சுமார் 4 சதவீதம்தான். ஒரு தடவைக்கு 4 சதவீதம் ஒன்றுமில்லை. ஆனால் அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான பரப்புகள் இருந்தால் ஒளி சந்துபொந்துகளில் சிக்கியது போலச் சுற்றிச் சுற்றி, கடைசியில் பெரும்பாலும் வந்த பக்கமே வெளியேறிவிடும். நடுவில் யாரும் விழுங்கவில்லை என்றால் எல்லா நிறமும் சேர்ந்தே வெளியேறும். அதைத்தான் வெள்ளைவெளேர் என்கிறோம்.

வெள்ளை பெரும்பாலும் ஒரு நிறமிப் பொருளின் பெயர் அல்ல, ஓர் அமைப்பின் பெயர். பனிக்கட்டி தெளிவானது, வெண்பனி வெள்ளை. தண்ணீர் தெளிவானது, நுரையும் மேகமும் வெள்ளை. கண்ணாடித் துண்டும் அப்படித்தான். உடைத்துப் பொடித்தால் வெண்பொடி. யாரும் அதில் வெள்ளை நிறம் சேர்க்கவில்லை, பரப்புகளைப் பெருக்கியிருக்கிறார்கள்.

இப்போது ஈரச் சட்டைக்கு வரலாம். உலர்ந்த துணியில் நாருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, பருத்தி நாருக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். தண்ணீர் பட்டதும் நார்களின் இடுக்கில் இருந்த காற்று வெளியேறி, அங்கே 1.33 எண் கொண்ட தண்ணீர் வந்து உட்காருகிறது. ஒன்றரைக்கும் 1.33-க்கும் இடைவெளி குறைவு. அதனால் ஒவ்வொரு பரப்பிலும் தெறிப்பது மிகக் குறைந்துவிடுகிறது. சீக்கிரம் திரும்பியிருக்க வேண்டிய ஒளி இன்னும் ஆழமாகப் போகிறது. போகிற வழியெல்லாம் சாயத்தைக் கடக்கிறது. கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது. கொஞ்சம் துணியைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. கண்ணுக்குத் திரும்புவது குறைவு, திரும்புவதும் சாயத்தில் நன்றாகத் தோய்ந்து வருவது. கருத்தும் அடர்ந்தும் தெரிவது அதனால்தான்.

சந்தேகம் இருந்தால், மெல்லிய துணியை ஓரிடத்தில் நனைத்து சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஈரப்பகுதி இப்போது சுற்றியுள்ள துணியைவிட வெளிச்சமாகத் தெரியும். முன்பக்கம் காணாமல் போன ஒளியின் ஒரு பங்கு பின்பக்கம் வந்துகொண்டிருக்கிறது. தாளில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி போல ஆவதும், ஈர மணல் கருப்பதும் இதே கணக்குத்தான்.

துணி வெளுத்துப்போவதும் இதற்குள் அடங்கிவிடும். பல நாள் வெயிலில் சாய மூலக்கூறுகள் உடைகின்றன. உடைந்தவற்றால் பழைய நிறங்களை விழுங்க முடியாது. எடுக்கும் ஆள் போய்விட்டார், கொடுக்கும் நார்கள் அப்படியே இருக்கின்றன. மிஞ்சுவது வெள்ளை. நிறம் போச்சு என்று சொல்லாமல் வெளுத்துப்போச்சு என்று தமிழில் சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

பளபளப்பு தனி. சிவப்புக் காரின் மேல் வெயில் பட்டு மின்னும் இடம் வெள்ளையாக இருக்கும். அந்த ஒளி உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே தெறித்தது, சாயத்தைப் பார்க்கவே இல்லை. உலோகங்களில் மட்டும் மின்னலே நிறத்தோடு வரும். வெள்ளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகத் தெறிக்கவிடுகிறது, தங்கம் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது.

இனி, நிறமியே இல்லாத நிறங்கள். வானத்தில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய துகள்கள் குறுகிய அலைகளைத்தான் அதிகம் சிதறவிடும். எவ்வளவு அதிகம் என்பதை 1871-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி கணக்கிட்டுக் காட்டினார்: அலைநீளம் பாதியானால் சிதறல் பதினாறு மடங்கு. 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைப் போல நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. அந்தச் சிதறல் எல்லாத் திசையிலிருந்தும் நம் கண்ணுக்கு வருவதால் முழு வானமும் நீலம். ஊதா இன்னும் அதிகம் சிதறுமே, வானம் ஊதாவாக இருக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணுக்கும் ஊதாவின்மேல் கூர்மை குறைவு. அதனால் நீலம் முந்திக்கொள்கிறது. மாலையில் ஒளி சாய்வாக, நெடுந்தூரம் காற்றுக்குள் பயணம் செய்து வருகிறது. வழியில் நீலமெல்லாம் சிதறிப்போக, மிச்சம் செவ்வானம்.

கடலின் நீலம் வானத்தின் நிழல் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1921-இல் மத்தியதரைக் கடல் வழியே கப்பலில் போன சி. வி. ராமனுக்கு அது சரியாகப் படவில்லை. வானத்தின் பிம்பத்தை விலக்கிப் பார்த்தும் கடல் நீலமாகவே இருந்தது. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தத் தேடல்தான் 1928-இல் ராமன் விளைவில் போய் முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு: தண்ணீர் சிவப்பை மிக மெதுவாக விழுங்குகிறது. ஒரு குவளையில் அது கண்ணுக்குத் தெரியாது. பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனால் சிவப்பில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்; கையில் அடிபட்டால் அங்கே ரத்தம் சிவப்பாகத் தெரியாது.

மயிலிறகு வேறு வகை. அதில் இருக்கும் நிறமி மெலனின், கருமை கலந்த பழுப்பு. ஆனால் இறகின் நுண்ணிழைகளில் மெலனின் குச்சிகள் சுமார் 150 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கி வைத்தது போல வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று சேரும்போது, சில அலைநீளங்களுக்கு முகடும் முகடும் கூடி வலுக்கும். சிலவற்றுக்கு முகடும் பள்ளமும் மோதி அழியும். இடைவெளி கொஞ்சம் மாறினால் நீலம் பச்சையாகும், பச்சை பழுப்புப் பொன்னாகும். இடித்துவிட்டால் வரிசை போய்விடும், அதோடு நிறமும். 1665-இலேயே ராபர்ட் ஹூக், மயிலிறகைத் தண்ணீரில் நனைத்தால் அந்த நிறங்கள் மறைவதைப் பார்த்து, இது சாயம் இல்லை, அமைப்பின் வேலை என்று ஊகித்துவிட்டார். சோப்புக் குமிழியின் வண்ணங்களும் ஈரச் சாலையில் எண்ணெய்ப் படலம் காட்டும் வண்ணங்களும் இந்தக் குடும்பம்தான்.

பொருள் என்ன செய்தாலும், வராத ஒளியை அதனால் திருப்பித் தர முடியாது. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கு ஏறத்தாழ 589 நானோமீட்டர் மஞ்சளை மட்டுமே உமிழும். அதன் கீழே சிவப்புக் காரும் நீலக் காரும் வேறுபாடு தெரியாமல் கருத்துக் கிடக்கும். பகலில் பார்த்த நிறம் எங்கும் ஒளிந்துகொள்ளவில்லை; அதை உண்டாக்கத் தேவையான ஒளி அங்கே இல்லை.

கடைசியாகக் கண். விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒன்று 420 நானோமீட்டர் பக்கம், ஒன்று 530 பக்கம், ஒன்று 560 பக்கம் அதிகம் தூண்டப்படும். ஒளியில் எத்தனை ஆயிரம் அலைநீளம் கலந்து வந்தாலும் மூளைக்குப் போவது இந்த மூன்றும் எவ்வளவு தூண்டப்பட்டன என்ற கணக்குத்தான். 580 நானோமீட்டர் மஞ்சள் ஒளி நடு வகையையும் நீள வகையையும் சேர்த்துத் தூண்டும். பச்சை ஒளியும் சிவப்பு ஒளியும் தகுந்த அளவில் ஒன்றாக வந்தாலும் அதே தூண்டல்தான். கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒரே நிறமாகவும், வெளியே வெயிலில் வேறு வேறாகவும் தெரிவது இதன் பக்க விளைவு.

வண்ணக் கலவையில் பலர் குழம்பும் இடமும் இதுதான். ஓவியம் தீட்டும்போது மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை. ஆனால் மஞ்சள் விளக்கையும் நீல விளக்கையும் ஒரே சுவரில் அடித்தால் ஏறக்குறைய வெள்ளை. இதில் முரண்பாடு இல்லை. வண்ணக் குழம்பு எடுக்கும் பேர்வழி: மஞ்சள் குழம்பு நீலத்தை எடுத்துவிடும், நீலக் குழம்பு சிவப்பையும் மஞ்சளையும் எடுத்துவிடும், இருவரும் விட்டுவைத்தது நடுவே உள்ள பச்சை. விளக்குகள் எதையும் எடுப்பதில்லை, சேர்க்கின்றன. மஞ்சள் இரண்டு கூம்புகளைத் தூண்ட, நீலம் மூன்றாவதைத் தூண்ட, மூன்றும் தூண்டப்பட்டால் வெள்ளை.

மூளையும் சும்மா இருப்பதில்லை, கணக்கில் கை வைக்கும். மஞ்சள் பல்பின் கீழும் வெள்ளைத் தாளை வெள்ளை என்றே நமக்குச் சொல்லும். வந்த ஒளியின் சாயலை ஊகித்துக் கழித்துவிடுகிறது. 2015 பிப்ரவரியில் ஓர் உடையின் புகைப்படம் இணையத்தை இரண்டாக்கியது நினைவிருக்கலாம். சிலருக்கு நீலமும் கறுப்பும், சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமும். உண்மையான உடை நீலமும் கறுப்பும்தான். எந்த ஒளியில் எடுத்த படம் என்று அவரவர் மூளை வேறு வேறாக ஊகித்தது. பழுப்பு நிறம்கூட இப்படி ஓர் ஒப்பீடுதான்: சுற்றுப்புறத்தைவிட மங்கிய செம்மஞ்சளைத்தான் பழுப்பு என்கிறோம். வானவில்லில் பழுப்பைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இதைக் கைப்பேசியில் படித்துக்கொண்டிருந்தால் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். வெள்ளையாக இருக்கும் இடமாகப் பார்த்து, ஈர விரல்நுனியால் கடுகைவிடச் சிறியதாக ஒரு தண்ணீர்ப் புள்ளி வையுங்கள். அந்தத் துளி சின்ன உருப்பெருக்கியாக வேலை செய்யும். கொஞ்சம் சாய்த்து, உற்றுப் பாருங்கள். உள்ளே சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் நெருக்கமாக மின்னிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பொட்டு ஒன்றுகூட இருக்காது.